தைப்பூசத்துக்குள் ஒரு காவடிப் பதிவுச் செயலி: வேலைமுறைகளை ஒரே நாள்காட்டியில் விரித்துப் பார்த்தால்

மொரிசியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை நாள். 2026இல் அது பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. கொடியேற்றம் அதற்குப் பத்து நாள் முன்னதாக. விரதம் தொடங்கும் முன்பே காவடி எடுப்பவர்கள் பெயர் கொடுத்திருக்க வேண்டும் என்பதால், இணையவழிப் பதிவு என்று ஒன்று வந்தால் அது ஜனவரி 5, திங்கட்கிழமை திறந்தே ஆக வேண்டும். ஒரு வாரம் தள்ளினால் கோவில் அலுவலகத்தில் பதிவேடும் பேனாவும் வெளியே வந்துவிடும். பிறகு செயலியை ஒருவரும் தொடமாட்டார்கள்.

மென்பொருள் வேலையில் கெடு என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் யாரோ ஒரு மேலாளர் குறித்தவை, கேட்டால் நகரும். பௌர்ணமி நகராது. டிசைனர்களும் டெவலப்பர்களும் சேர்ந்து வேலை செய்யும் குழுவுக்கு எந்த முறை பொருந்தும் என்று வாதிடும்போது இந்த மாதிரியான கெடுவை வைத்து வாதிட்டால்தான் முறைகளின் எலும்பு தெரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கீழே வருவது எந்த நிறுவனத்தின் வரலாறும் அல்ல. மொரிசியஸின் தகவல்தொழில்நுட்ப வளாகமான எபென் சைபர்சிட்டியில் இருக்கக்கூடிய ஒரு சிறு குழுவை மாதிரியாக வைத்து, 2025-26இன் உண்மையான நாள்காட்டி மேல் ஒவ்வொரு முறையையும் விரித்துப் போட்ட கணக்கு இது.

குழுவில் 8 பேர்: தயாரிப்புப் பொறுப்பாளர் ஒருவர், டிசைனர் இருவர், டெவலப்பர் நால்வர், டெஸ்டர் ஒருவர். டெவலப்பர்களில் இருவர் சென்னையில். எபெனில் காலை 9 மணி என்றால் சென்னையில் 10.30; இந்த ஒன்றரை மணி நேர வித்தியாசம் தொல்லையே இல்லை. தொல்லை தருவது இரண்டு நாட்டு விடுமுறைகளும் ஒத்துப்போகாததுதான்.

செய்ய வேண்டியவை: காவடி, பால்குடம் எடுப்பவர்களின் பதிவு, ஊர்வலத்துக்கு நேர ஒதுக்கீடு, கோவில் நிர்வாகக் குழுவுக்கு ஒரு பார்வைத் திரை, காணிக்கை செலுத்தும் வசதி, தொண்டர் பணிப் பட்டியல், பிரெஞ்சு, க்ரியோல், தமிழ் மூன்றிலும் திரைகள்.

கையில் இருக்கும் நாள்கள்

வேலை 2025 செப்டம்பர் 22, திங்கள் தொடங்குகிறது. ஜனவரி 5 வரை 15 வாரம். கேட்க நிறைய. ஆனால் டிசம்பர் 22 முதல் ஜனவரி 2 வரை ஆண்டிறுதி மூடல் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வாரம் போய்விடும். மீதி 13 வாரத்தில் அக்டோபர் 20 தீபாவளி. ஆக எபெனில் 64 வேலை நாள்.

இது குழுவின் கணக்கு மட்டும்தான். கோவில்காரர்களின் கணக்கு வேறு. தொடக்கத்தில் புரட்டாசி, சனிக்கிழமைகளில் யாரும் கிடைக்கமாட்டார்கள். அக்டோபர் 22 முதல் 27 வரை கந்த சஷ்டி. டிசம்பர் 3 திருக்கார்த்திகை. பயனர் சோதனைக்கும் ஒப்புதலுக்கும் இவர்கள்தான் வேண்டும், இவர்கள் மும்முரமாக இருக்கும் நாள்களே நமக்கும் முக்கியமான நாள்களாக வந்து விழுகின்றன. எந்த முறையைத் தேர்ந்தாலும் இந்தக் குறிப்புகள் முதல் நாளே சுவரில் ஏறியாக வேண்டும்.

வாட்டர்ஃபால்

ஒரு கட்டம் முழுதாக முடிந்த பிறகே அடுத்த கட்டத்தைத் தொடங்கும் முறை. இதைப் பழித்தே பேசுவது வழக்கமாகிவிட்டது. வின்ஸ்டன் ராய்ஸ் 1970இல் எழுதிய கட்டுரையில் இந்தப் படிநிலைப் படம் இருக்கிறது. அதே கட்டுரையில் இப்படி நேர்கோட்டில் போவது ஆபத்து என்றும் அவரே சொல்கிறார். படம் மட்டும் பரவியது.

நம் நாள்காட்டியில் போட்டால்: தேவை திரட்ட 3 வாரம், டிசைன் 3, நிரல் 5, சோதனை 2. ஓடுகிற செயலியைக் கோவில் பொருளாளர் முதன்முதலாகப் பார்ப்பது டிசம்பர் 5க்குப் பிறகு. "குடும்பமாக வருபவர்களைப் பிரித்து வேறு வேறு நேரத்தில் போடக் கூடாதே" என்று அப்போது அவர் சொன்னால், ஒதுக்கீட்டு விதியையே மாற்ற வேண்டும். கையில் இரண்டு வாரம் இருக்கும், அதுவும் சோதனைக்கென்று வைத்தது.

ஆனாலும் இரண்டு வேலைகளை இப்படித்தான் செய்ய முடியும். ஒன்று, சட்டம். மொரிசியஸின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி மத நம்பிக்கை சிறப்பு வகைத் தரவு. காவடிப் பதிவு என்பதே ஒருவரின் சமயத்தைச் சொல்லிவிடும் தரவு. தரவைக் கையாளும் அமைப்பு தரவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆபத்து அதிகம் என்று கருதக்கூடிய கையாளுதலுக்கு முன்கூட்டியே தாக்க மதிப்பீடு வேண்டும். 16 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒப்புதல் வேண்டும். பால்குடம் எடுக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்த்தால் இது படிவத்தின் ஓரத்தில் ஒட்டும் விஷயம் அல்ல என்பது புரியும். பிறந்த தேதிதான் முதல் கேள்வியாக வர வேண்டும். அதைப் பொறுத்தே அடுத்த திரை மாறும். இரண்டாவது, வங்கியோடு கட்டண இணைப்பு. ஜூஸ் போன்ற வங்கிச் செயலி வழியாகப் பணம் வாங்குவதானாலும் கியூஆர் வழியானாலும் காகித வேலை நம் அட்டவணைப்படி நடக்காது. இந்த இரண்டையும் முதல் வாரமே தொடங்கி, தனிக் கோட்டில் ஓட விட வேண்டும். வேறெந்த முறையையும் இதன்மேல் திணிக்க வேண்டாம்.

ஸ்க்ரம்: இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்

1995இல் கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் முன்வைத்த முறை. வேலையை ஸ்பிரிண்ட் எனும் சம அளவுச் சிறு சுற்றுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஓடுகிற பொருளைக் காட்டுவது. இன்று கேட்காமலே எல்லாரும் எடுப்பது இதைத்தான். இரண்டு வார ஸ்பிரிண்ட் என்றால் செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 12 வரை சரியாக ஆறு, மிச்சம் ஒரு வாரம். பார்க்க அழகாக இருக்கும்.

முதல் சிக்கல் டிசைனர்கள். ஒரு திரையின் வடிவமைப்பும் நிரலும் சோதனையும் ஒரே ஸ்பிரிண்டுக்குள் முடிய வேண்டும் என்றால், முதல் நாலைந்து நாள் டிசைனர் வரைவார். டெவலப்பர் அரைகுறைப் படத்தை வைத்து எழுதத் தொடங்குவார். டெஸ்டருக்குக் கடைசி இரண்டு நாள் கிடைக்கும். இரண்டு வார வாட்டர்ஃபாலை ஆறு முறை செய்தது போல ஆகும். டெஸ்டர்தான் அடிபடுவார், எப்போதும் போல.

இதற்கு மாற்றாக டிசைரே சை 2007இல் எழுதிய வழி பரவலானது: டிசைன் ஒரு ஸ்பிரிண்ட் முன்னால் ஓடும், நிரல் பின்னால் வரும். பின்னாளில் இரட்டைத் தடம் என்று பேசப்பட்டதன் வேர்களில் இதுவும் ஒன்று. நீண்ட காலத் தயாரிப்புக்கு இது நல்ல ஏற்பாடு. நமக்கு இருப்பது ஆறே ஸ்பிரிண்ட். முதல் ஸ்பிரிண்டில் வரைந்தது இரண்டாவதில் நிரலாகும். அதைப் பயனரிடம் காட்டி வந்த திருத்தம் மூன்றாவதில்தான் நுழையும். ஒரு யோசனை போய்த் திருத்தமாகத் திரும்பி வர மொத்தத் திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு செலவாகிறது. நிரல் எழுத உண்மையில் கிடைப்பது ஐந்து ஸ்பிரிண்ட்.

இரண்டாவது, கூட்டங்கள். ஒரு மாத ஸ்பிரிண்டுக்குத் திட்டமிடல் 8 மணி நேரம், முடித்ததைக் காட்டும் மீளாய்வு 4, வேலை செய்த விதத்தை அலசும் பின்னோக்கு 3 என்பவை ஸ்க்ரம் வழிகாட்டி தரும் உச்ச வரம்புகள். இரண்டு வாரத்துக்குப் பாதியாக்கினால் 4, 2, 1.5 மணி. தினம் 15 நிமிடம் என்று ஒன்பது நாளுக்கு 2.25. மொத்தம் 9.75 மணி, 8 பேருக்கு 78 மணி. ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் ஏறக்குறைய இரண்டு ஆள்-வாரம் பேச்சில் போகிறது, பேக்லாக் எனும் பாக்கி வேலைப் பட்டியலின் சீரமைப்பு இதில் சேரவில்லை. பலன் இருந்தால் இது வீண் இல்லை. ஆனால் ஒரு ஸ்பிரிண்டில் குழு எவ்வளவு முடிக்கிறது என்பதை வேகம் என்று கணக்கிடும் எண் நம்பும்படி ஆக மூன்று ஸ்பிரிண்டாவது வேண்டும். அதற்குள் பாதித் திட்டம் முடிந்திருக்கும்.

மூன்றாவதுதான் இந்த நிகழ்வில் கனமானது. ஸ்க்ரமில் எதை முதலில் கட்டுவது என்று தீர்மானிக்கும் தயாரிப்பு உரிமையாளர் ஒரே ஆள். குழு அல்ல என்று வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. கோவிலில் முடிவெடுப்பதோ நிர்வாகக் குழு. தலைவர், செயலாளர், பொருளாளர், கூடவே ஐயரின் சொல். நம் தயாரிப்புப் பொறுப்பாளர் உரிமையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாலும், நேர ஒதுக்கீட்டு விதியை அவரால் தனியாகத் தீர்மானிக்க முடியாது. மூன்றாவது ஸ்பிரிண்ட் தீபாவளியன்று தொடங்கி கந்த சஷ்டி வழியாகப் போகிறது. அந்த ஸ்பிரிண்டின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆளே இருக்கமாட்டார்கள்.

இவ்வளவு சொன்னாலும் ஸ்க்ரமில் இருந்து ஒன்றை எடுத்தே தீர வேண்டும்: ஓடுகிற பொருளை இடையிடையே கண்ணில் காட்டுவது. ஃபிக்மா என்ற வரைகருவியில் அழகான படத்தைக் காட்டினால் நிர்வாகிகள் தலையாட்டுவார்கள். கைப்பேசியில் தங்கள் பெயரைத் தாங்களே பதியச் சொன்னால்தான் வாய் திறப்பார்கள்.

ஐந்து நாள் டிசைன் ஸ்பிரிண்ட்

ஜேக் நாப் கூகுளில் 2010வாக்கில் உருவாக்கியது. திங்கள் சிக்கலை வரைபடமாக்கு, செவ்வாய் தீர்வுகளை வரை, புதன் ஒன்றைத் தேர்ந்தெடு, வியாழன் போலி மாதிரி செய், வெள்ளி ஐந்து பயனரிடம் சோதி. பெயரில் ஸ்பிரிண்ட் இருப்பதால் ஸ்க்ரமுக்குப் போட்டி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை, இதன் முடிவில் ஒரு வரி நிரலும் கிடைக்காது. ஒரே ஒரு பெரிய கேள்விக்கு விடை தேட இது கருவி. நமக்கு அந்தக் கேள்வி நேர ஒதுக்கீடு.

நடைமுறையில் தடுக்குவது முடிவெடுப்பவர் கூடியவரை ஐந்து நாளும் அறையில் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. பொருளாளருக்குச் சொந்த வேலை இருக்கிறது. வெள்ளி மாலை கோவிலில் கூட்டம். ஆகவே செவ்வாய் மாலை இரண்டு மணி நேரம் அவரை வரவழைத்துத் தீர்மானத்தை அன்றே முடித்து, சோதனையை ஞாயிறு பூஜைக்குப் பின் கோவில் வளாகத்திலேயே வைக்கலாம். வடிவம் உடையும், பயன் உடையாது.

கன்பான்

டொயோட்டாவின் தொழிற்கூடத்தில் தாய்ச்சி ஓனோ வளர்த்ததை மென்பொருளுக்குக் கொண்டுவந்தவர் டேவிட் ஆண்டர்சன். ஒவ்வொரு வேலையும் ஓர் அட்டை, அது பலகையில் பத்தி பத்தியாக நகரும். ஸ்பிரிண்ட் இல்லை, மதிப்பீட்டுப் புள்ளி இல்லை. ஒவ்வொரு பத்தியிலும் ஒரே நேரத்தில் எத்தனை அட்டை இருக்கலாம் என்ற வரம்பு மட்டும்.

இதன் அருமை டிசைனருக்கும் டெவலப்பருக்கும் இடையில் தேங்கும் குவியலில் தெரியும். டிசைனர் இருவரும் வாரம் 3 திரை முடிக்கிறார்கள், டெவலப்பர்கள் 2 திரைதான் முடிக்கிறார்கள் என்று வைப்போம். ஆறு வாரத்தில் 6 திரை வரிசையில் நிற்கும். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதிப்படி, 6ஐ வாரத்துக்கு 2ஆல் வகுத்தால் புதிதாக வரும் திரை 3 வாரம் காத்திருக்கும். அதற்குள் திரைக்குத் தரவு தரும் இணைப்பு (ஏபிஐ) மாறியிருக்கும், கோவில்காரர்களின் எண்ணமும் மாறியிருக்கும். திரையைத் திரும்ப வரைய வேண்டியதுதான். 'கட்டத் தயார்' பத்தியில் 3 அட்டைக்கு மேல் கூடாது என்றால் காத்திருப்பு ஒன்றரை வாரமாகக் குறைகிறது. பத்தி நிறைந்ததும் டிசைனர் புதிதாக வரையக் கூடாது. கட்டிய திரையைக் கைப்பேசியில் வைத்துப் பிழை பார்க்க வேண்டும், பயனர் சோதனைக்குப் போக வேண்டும். இதைச் சொல்வது எளிது. டிசைனர் "சும்மா இருக்கிறார்" என்று மேலாளருக்குத் தோன்றும் முதல் நாளே வரம்பு தளர்ந்துவிடும், பிறகு அது கன்பான் அல்ல, வண்ண அட்டைகள்.

கெடு உள்ள கட்டுமானத்துக்குக் கன்பான் மட்டும் போதாது. எதை வெட்டுவது என்ற கேள்வியை அது எழுப்புவதே இல்லை.

ஷேப் அப்

பேஸ்கேம்ப் நிறுவனத்தின் ரயன் சிங்கர் 2019இல் எழுதி வெளியிட்ட முறை. ஆறு வாரச் சுற்று, இடையில் இரண்டு வார ஓய்வுச் சுற்று. எவ்வளவு நாளாகும் என்று மதிப்பிடுவதில்லை. இதற்கு எத்தனை வாரம் செலவிடத் தயார் என்று முதலில் தீர்மானித்து, அதற்குள் அடங்கும்படி வேலையைச் செதுக்குகிறார்கள். ஒரு டிசைனரும் ஒன்றிரண்டு டெவலப்பரும் முதல் நாளிலிருந்தே ஒரே சிறு குழு. கைமாற்றும் வாசலே இல்லை. ஆறு வாரத்தில் முடியாவிட்டால் வழக்கமாக நீட்டிப்பு கிடையாது.

13 வாரம் என்பது 6 + 1 + 6. இடைவெளியை ஒரு வாரமாகக் குறைத்தால் கச்சிதமாக உட்காருகிறது: செப்டம்பர் 22 முதல் அக்டோபர் 31, பிறகு நவம்பர் 3 முதல் 7, பிறகு நவம்பர் 10 முதல் டிசம்பர் 19.

ஆனால் இந்த முறையின் பற்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் நம் நிகழ்வு கடிபடும். 'முடியவில்லையா, விடு' என்பது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தயாரிப்பில் புது வசதி சேர்ப்பவருக்குச் சரி. நம் முதல் சுற்றில் இருப்பது பதிவும் நேர ஒதுக்கீடும். அதை விட்டால் செயலியே இல்லை. ஆகவே சுற்று தொடங்கும் முன்பே மாற்றுவழி எழுத்தில் இருக்க வேண்டும்: தானியங்கி ஒதுக்கீடு நான்காவது வார முடிவில், அதாவது அக்டோபர் 17இல், ஓடவில்லை என்றால் அதைக் கைவிட்டு, நிர்வாகக் குழு எக்செல் தாளில் நேரம் போட்டு ஏற்றும் வசதியை மட்டும் கட்டுவது. மாற்றுவழியின் செலவு ஒரு டெவலப்பருக்கு ஒன்றரை வாரம் என்று வைத்தால், அக்டோபர் 17க்குப் பிறகு முடிவெடுப்பது தாமதம்.

செதுக்கும் வேலைக்கும் நேரம் வேண்டும். அதைச் சுற்றுக்குள் செய்ய முடியாது. செப்டம்பர் 8 முதல் 19 வரை பொறுப்பாளர், ஒரு டிசைனர், ஒரு மூத்த டெவலப்பர் மூவரும் இதற்கே உட்கார வேண்டும். இந்த முறையை விற்பவர்கள் இந்த இரண்டு வாரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எங்கள் தீர்ப்பும் அட்டவணையும்

கட்டுமானத்துக்கு ஷேப் அப். செதுக்கும் இரண்டு வாரத்துக்குள் நேர ஒதுக்கீட்டுக்கு மட்டும் ஒரு டிசைன் ஸ்பிரிண்ட். சட்டத்துக்கும் வங்கிக்கும் தனி வாட்டர்ஃபால் கோடு. ஜனவரி 5க்குப் பிறகு கன்பான். ஒட்டுப்போட்டது போலத் தெரியலாம். முறைகளைக் கலக்கக் கூடாது என்பவர்கள் பெரும்பாலும் சான்றிதழ் வகுப்பு நடத்துபவர்கள்.

குழுவை இரண்டாகப் பிரிக்கும்போது எபென் ஒன்று, சென்னை ஒன்று என்று ஊர்வாரியாகப் பிரிக்கும் ஆசை வரும். வேண்டாம். சென்னைக் குழுவுக்கு டிசைனர் எபெனில் இருப்பார், கைமாற்றும் வாசல் திரும்ப முளைக்கும். ஒவ்வொரு குழுவிலும் எபென் டெவலப்பர் ஒருவர், சென்னை டெவலப்பர் ஒருவர், டிசைனர் ஒருவர். டெஸ்டர் இரண்டுக்கும் பொது.

முதல் சுற்றில் ஒரே கோவிலுக்கு, ஒரே மொழியில், பதிவு முதல் நிர்வாகியின் பட்டியல் அச்சாவது வரை முழுப் பாதை. முதல் மொழி க்ரியோல். வீட்டில் பேசுவது அதுதான். தமிழ் எழுத்து வாசிப்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் தலைப்பிலும் அழைப்பிலும் தமிழ் இல்லாமல் கோவில் ஏற்காது. ஷேப் அப் ஆறு வாரம் வெளியே முகம் காட்டாமல் இருக்கச் சொல்லும். நிர்வாகக் குழுவுக்கு அது அதிகம். மூன்றாம் வாரக் கடைசி ஞாயிறு, அக்டோபர் 12, கைப்பேசியில் ஒரு காட்சி. அடுத்த ஞாயிறு தீபாவளிக்கு முந்தின நாள், அதை நினைக்கவே வேண்டாம். இரண்டாம் சுற்றுக்கு நவம்பர் 30.

இரண்டு சுற்றுக்கும் இடையிலுள்ள வாரத்தில் புதிய நிரல் கிடையாது. நவம்பர் 7 வெள்ளி மாலை, இரண்டு கோவிலில் தலா ஐந்து பேர்: முதியவர் இருவர், முதல்முறை காவடி எடுக்கும் இளைஞர் ஒருவர், பிள்ளைக்காகப் பதியும் தாய், பொருளாளர். ஐவரும் ஒரே இடத்தில் தடுக்கினால் அதுதான் இரண்டாம் சுற்றின் முதல் வேலை.

இரண்டாம் சுற்றில் பல கோவில், மூன்று மொழி, காணிக்கை. தொண்டர் பட்டியலை முதலில் வெட்டலாம். வாட்ஸ்அப் குழுவில் அது ஏற்கெனவே நடக்கிறது. டிசம்பர் 12க்குப் பிறகு புது வசதி இல்லை. கடைசி வாரம், ஒரே நேரத்தில் பலர் வந்தால் தாங்குமா என்று பார்க்கும் சுமைச் சோதனை.

உடையும் இடங்கள்

ஒரே கடைசி இடத்துக்கு இரண்டு பேர் ஒரே நொடியில் பொத்தானை அழுத்துவது. டிசைனில் தெரியாது, தனி ஆள் சோதனையில் தெரியாது. திறக்கும் நாள் காலையில் தெரியும். தரவுத்தளத்தில் அந்த வரிசையைப் பூட்டி எழுத வேண்டும், தோற்றவருக்கு அடுத்த நேரத்தைத் திரையே காட்ட வேண்டும். இந்தத் திரையை வரைந்திருக்கிறோமா என்று முதல் சுற்றிலேயே கேட்பது டிசைனரும் டெவலப்பரும் பக்கத்தில் உட்காரும் முறையில்தான் நடக்கும்.

பெயர்கள். சுப்பிரமணியன் என்ற ஒரே பெயர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் நாலைந்து விதமாக வரும். குடும்பத்தில் அப்பா ஒருமுறை, மகள் ஒருமுறை பதிந்திருப்பார்கள். பெயரை வைத்து இரட்டைப் பதிவைப் பிடிக்க முடியாது. பிறந்த தேதியும் கைப்பேசி எண்ணும் சேர்ந்தால் பிடிக்கலாம்.

தமிழ் எழுத்து. ஆங்கிலத்துக்கு வைத்த 1.2 வரி உயரத்தில் ஈகாரக் கொக்கியும் ஊகாரச் சுழியும் வெட்டுப்படும், 1.5 வையுங்கள். பொத்தான் அகலத்தை நிலையாக வைத்தால் 'பதிவை உறுதிசெய்க' இரண்டு வரியாக உடையும். மற்ற இரண்டு மொழியையும் இரண்டாம் சுற்றுக்குத் தள்ளியது சரிதான், ஆனால் முதல் சுற்றின் திரைகளிலேயே ஒரு நீண்ட தமிழ் வரியைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

காணிக்கை. முகப்பில் ஒட்டிய ஒரே நிலையான கியூஆர் வழியாகப் பணம் வந்தால், யாருடைய பணம் என்று பொருளாளருக்குத் தெரியாது. பதிவு எண் ஒவ்வொரு கட்டணத்தோடும் சேர்ந்து போக வேண்டும். வங்கியின் வேலை டிசம்பர் 5க்குள் முடியவில்லை என்றால் காணிக்கைத் திரையை மறைத்துவிட்டுத் திறக்கலாம். பதிவுக்கு அதனால் கேடில்லை.

ஜனவரி 5க்குப் பிறகு

இனிச் சுற்றும் இல்லை, ஸ்பிரிண்டும் இல்லை. பலகையில் நான்கு பத்தி: வந்தது, பார்க்கிறோம், சோதனையில், முடிந்தது. 'பார்க்கிறோம்' பத்தியில் 4, 'சோதனையில்' 3. அவசரத் தடத்தில் ஒரே ஒரு அட்டை. இரண்டாவது வந்தால் முதலாவது முடியும்வரை நிற்கும். சென்னையில் பொங்கல் விடுமுறை ஜனவரி நடுவில் வருகிறது, அந்த வாரம் எபென் டெவலப்பர் இருவர்தான். ஜனவரி 22க்குப் பிறகு நிரலில் கை வைப்பதில்லை. தரவுத் திருத்தம் மட்டும்.

புயல் காலமும் இதுவே. 2024இல் பெலால் புயல் ஜனவரி 15 அன்று தாக்கி போர் லூயியில் வெள்ளம் புகுந்தது. அந்த ஆண்டுக் காவடி ஜனவரி 25. மூன்றாம் நிலை எச்சரிக்கை வந்தால் பேருந்து நிற்கும், அலுவலகம் மூடும், மின்சாரமும் இணையமும் எவ்வளவு நேரம் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு மாலையும் 6 மணிக்குக் கோவில்வாரியான பட்டியல் பிடிஎஃபாக நிர்வாகிக்குப் போக வேண்டும், அவர் அச்செடுத்து வைக்க வேண்டும். இந்த வசதியை முதல் சுற்றின் முழுப் பாதையில் சேர்த்ததற்குக் காரணம் இதுதான்.

2027இல் தைப்பூசம் ஜனவரி 22. அதே இடைவெளி விட்டுப் பதிவைத் திறப்பதானால் டிசம்பர் 26க்கு வந்துவிடும், அலுவலகம் மூடியிருக்கும் வாரம். நிரல் டிசம்பர் 11க்குள் முடிந்து, பதிவு 21ஆம் தேதி திங்களன்று திறக்க வேண்டும். 13 வாரக் கட்டுமானம் செப்டம்பர் 14இல் தொடங்கும், செதுக்கும் வேலை ஆகஸ்ட் 31இல். கன்பான் பலகையின் முதல் இரண்டு வாரம் ஆண்டிறுதி மூடலுக்குள் விழுகிறது. அந்த நாள்களில் யார் தொலைபேசியை எடுப்பது என்ற முறைப்பட்டியலை நவம்பரிலேயே போட்டு, அவர்களுக்கு மாற்று விடுமுறையையும் அப்போதே எழுதித் தந்துவிட வேண்டும்.